புகார் எந்தத் திசையிலிருந்து வருகிறது?



1918இல் மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார் அம்பேத்கர். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பியவர். ஆசிரியர்களுக்கு வைத்திருந்த பானையில் அவர் தண்ணீர் எடுத்துக் குடிக்கக் கூடாது என்று உடன் பணியாற்றியவர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். இதை ஓர் அவமானக் கதையாகச் சொல்லிக் கடந்துவிடுவது நம் வழக்கம். ஆனால் அங்கே புகார் சொன்னது யார்? பாகுபாடு காட்டியவர்கள். பானையைத் தொட்டவர்தான் குற்றம்சாட்டப்பட்டவர். இந்தியக் கல்வி வளாகங்களில் சாதிப் புகாரின் வரலாற்றை இந்த இடத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

வளாகத்துக்குள் சாதி இருக்கிறது என்பதை அரசே ஆராயச் சொன்னது மிகவும் பிந்தித்தான். 2006இன் இடஒதுக்கீட்டு எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பிறகு, டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தை ஆராய சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைந்தது. தலித், பழங்குடி மாணவர்கள் தொல்லை தாங்காமல் விடுதியின் குறிப்பிட்ட தளங்களில் ஒதுங்கி வாழ்வதை 2007இல் அக்குழு எழுதிக் கொடுத்தது. விடுதிக்குள் ஒரு சேரி. தலைநகரில், மருத்துவம் படிக்கும் இடத்தில்!

அடுத்த ஆண்டே ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேலம் மாவட்டத்திலிருந்து போன ஆய்வு மாணவர் செந்தில்குமார் இறந்தார். இயற்பியல் படிக்கப் போனவருக்கு வழிகாட்டிப் பேராசிரியரே ஒதுக்கப்படவில்லை. புலத்தின் நடைமுறைகள் தெளிவற்றவை, ஒரே சீராக இல்லாதவை, அதன் சுமை தலித், பழங்குடி மாணவர்கள்மீது விழுந்தது என்று பல்கலைக்கழகம் அமைத்த குழுவே பிறகு பதிவு செய்தது. ‘உனக்கு வழிகாட்டி இல்லை’ என்பது வசைச்சொல் அல்ல, அடி அல்ல. அதை எந்தப் படிவத்தில் எழுதி யாரிடம் கொடுப்பது?

2012இல் பல்கலைக்கழக மானியக் குழு சமத்துவ விதிகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் ஒருவர் வேண்டும் என்றது. நல்ல விதிதான். ஆனால் அந்த அலுவலர் அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். துறைத்தலைவரைப் பற்றிய புகாரை, அவரோடு கல்விக்குழுவில் உட்காருகிறவரிடமே கொடுக்க வேண்டும்.

இந்த விதிகள் நடப்பில் இருந்த 2015ஆம் ஆண்டை நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்துக்கு எதிராகப் பெயரில்லாத ஒரு கடிதம் டெல்லிக்குப் போனது. மனிதவள அமைச்சகம் அதைக் குப்பையில் போடவில்லை. ஐஐடியிடம் கருத்துக் கேட்டு எழுதியது. மே மாதத்திலேயே வட்டத்தின் அங்கீகாரம் ரத்தானது. தங்களிடம் விளக்கமே கேட்கவில்லை என்றார்கள் மாணவர்கள். நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தபின் ஜூனில் அங்கீகாரம் திரும்பியது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஹைதராபாத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தினர்மீது ஏபிவிபி நிர்வாகி ஒருவர் தாக்குதல் புகார் கொடுத்தார். மத்திய அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதினார். அமைச்சகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஐந்து கடிதங்கள் போயின. 2016 ஜனவரித் தொடக்கத்தில் ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியை விட்டு வெளியே, கூடாரத்தில். அவர்களில் ஒருவரான ரோஹித் வெமுலா அதற்கு முந்தைய டிசம்பரில் துணைவேந்தருக்குக் கசப்பும் எள்ளலுமாக ஒரு கடிதம் எழுதினார். அதுவும் புகார்தான். அதற்கு நினைவூட்டல் அனுப்ப எந்த அமைச்சகமும் இல்லை. 2016 ஜனவரி 17 அன்று அவர் நம்மிடையே இல்லாமல் போனார். அவருடைய உதவித்தொகை ஏழு மாதமாக வந்திருக்கவில்லை.

2019இல் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி. மகள் துன்புறுத்தப்படுவதைத் தாய் ஆபிதா முன்பே முறையிட்டிருந்ததாகக் குடும்பம் சொன்னது. அதே ஆண்டு அவரும் ரோஹித்தின் தாய் ராதிகாவும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். இரண்டு தாய்மார்கள் கேட்டது, இருக்கிற விதியை நடைமுறைப்படுத்துங்கள் என்பதைத்தான்.

அந்த வழக்கின் பயனாக வெளிவந்த மானியக் குழுவின் கணக்கைப் பாருங்கள். 2019-20இல் 173ஆக இருந்த சாதிப் பாகுபாட்டுப் புகார்கள் 2023-24இல் 378 ஆயின. ‘118 சதவீத உயர்வு’ என்று செய்தித்தாள்கள் எழுதின. எனக்கு வேறொரு எண் உறுத்துகிறது. 704 பல்கலைக்கழகங்கள், 1,553 கல்லூரிகள். ஐந்தாண்டில் மொத்தம் 1,160 புகார். சராசரியாக ஒரு நிறுவனத்தில் ஒரு புகார் பதிவாக ஏறத்தாழ 10 ஆண்டு. சமூகவியல் படித்தவர் எவரும் இதைச் சாதி ஒழிந்த கணக்காக வாசிக்க மாட்டார். மதிப்பெண்ணும் உதவித்தொகையும் யார் கையில் இருக்கின்றனவோ அவர்மீது எழுத்தில் புகார் தர அஞ்சுகிறவர்களின் கணக்கு இது. இவற்றில் 90 சதவீதத்துக்குமேல் ‘தீர்க்கப்பட்டன’ என்கிறது அதே ஆவணம். யாருக்குத் தீர்ந்தது?

2025இல் வந்த புதிய வரைவில் பொய்ப் புகாருக்கு அபராதம் என்றொரு பிரிவு இருந்தது. 2026 ஜனவரியில் அறிவித்த விதிகளில் அது நீக்கப்பட்டது, பிற்படுத்தப்பட்டோரும் சேர்க்கப்பட்டனர். உடனே பொய்ப் புகார் பெருகும் என்று போராட்டங்கள் வெடித்தன. பெயரே போடாத கடிதத்தின்பேரில் நடவடிக்கை எடுத்தபோது இந்தக் கவலை யாருக்கும் வரவில்லை. அம்மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் புதிய விதிகளை நிறுத்திவைத்து, 2012 விதிகளே தொடரட்டும் என்றது.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் யார், அவரிடம் வந்த புகார்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை நாளில் எப்படி முடிந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பத்து ரூபாய் ஆகும். ‘புகார் ஏதுமில்லை’ என்று பதில் வந்தால் அந்தத் தாளையும் பத்திரப்படுத்துங்கள்.