ஆலயத்தில் எழுந்த சுவர்

மக்களுள் பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று போதிக்கும் சமயங்கள் பல. போதித்ததைத் தம் வழிபாட்டு இடத்திலேயே நடத்திக் காட்டுவதுதான் எல்லாவற்றுக்கும் கடினமாக இருந்திருக்கிறது. கிறிஸ்தவ சமயம் தமிழரிடையே இச்சோதனையை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஈண்டுக் காண்போம்.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபம் என்று ஒன்று உண்டு. அதன் இரண்டாம் அதிகாரம் உட்காரும் இடத்தைப் பற்றியே பேசுகிறது. பொன் மோதிரம் அணிந்தவன் சபைக்கு வந்தால் நல்ல ஆசனம் தருவதும், அழுக்குடை ஏழை வந்தால் நிற்கவோ காலடியில் இருக்கவோ சொல்வதும் குற்றம் என்பது அதன் கருத்து. இயேசுநாதர் கூறிய நல்ல சமாரியன் கதையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அடிபட்டுக் கிடந்தவனை அவன் இனத்துக் குருவே விலகிக் கடந்து போக, இழிவாக எண்ணப்பட்ட அயல் இனத்தானே அவனைக் காத்தான்.

தமிழகத்தில் நடந்தது

இப்போதனை தமிழகம் வந்தபோது சாதி வாயிலிலேயே நின்றது. தரங்கம்பாடிக்கு 1706 இல் சீகன்பால்கு வந்த பின்னர்த் தோன்றிய சபைகளிலும், தஞ்சைச் சபையிலும், சாதியார் தனித்தனியே அமர்வது வழக்கமாயிற்று. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833 இல் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். சபைகளில் சாதி வேற்றுமை உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும் என்பது அவர் ஆணை. தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் அதை ஏற்காமல் பிரிந்தனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரும் சாதி ஒழுங்கை மாற்ற வந்த பாதிரிமாரை எதிர்த்து முன்னரே எழுதியிருந்தார். கல்வியோ பக்தியோ மட்டும் சாதிப்பற்றை அகற்றிவிடாது என்பதற்கு இது சான்று.

கத்தோலிக்கரிடையேயும் நிலை வேறன்று. திருநெல்வேலிச் சீமையில் உள்ள வடக்கன்குளத்தில் 1872 இல் எழுந்த ஆலயம், ஒரே பீடத்தை நோக்கிய இரு நீண்ட கூடங்களாகக் கட்டப்பட்டது. ஒன்று வேளாளருக்கு, மற்றொன்று நாடார் முதலியோருக்கு. இடையில் இருந்த தடுப்பு 1910 இல் இடிக்கப்பட்டது. வேளாளர் வழக்குத் தொடுத்தனர், இறுதியில் தோற்றனர். ஆனால் சுவர் எழுந்த நாளிலும் அங்கே வாசிக்கப்பட்டது அதே விவிலியந்தான் என்பதை மறத்தலாகாது.

சிங்கப்பூரில்

கடல் கடந்து வந்த தமிழர் இங்கே எவ்வாறு வழிபட்டனர்? குவீன் ஸ்திரீட்டில் 1870 இல் எழுந்த புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சீனரும் தமிழரும் ஒரு கூரையின்கீழ் வழிபட்டனர். தமிழ்க் கத்தோலிக்கருக்கென ஓப்பீர் ரோட்டில் லூர்து மாதா ஆலயம் 1888 இல் திறக்கப்பட்டது. மெதடிஸ்த சபையாரோ 1885 இல் இங்கு வந்தனர். பெங்களூரில் பிறந்த ஓல்டாம் அவர்களுடைய பணியைத் தொடங்கினார். 1887 ஆகஸ்டில், சிராங்கூன் சாலைக்கு அணித்தான ஷார்ட் ஸ்திரீட்டில், சோபியா பிளாக்மோர் அம்மையார் ஒன்பது தமிழ்ச் சிறுமியரோடு ஒரு பள்ளி தொடங்கினார். அதுவே வளர்ந்து, எல்லா இனப் பெண்களும் பயிலும் மெதடிஸ்த பெண்கள் பள்ளியாயிற்று.

மொழிக்கு ஓர் ஆலயம் என்பதும் பிரிவினையே அன்றோ எனச் சிலர் வினவலாம். வேற்றுமை உண்டு. தாய்மொழியில் வழிபட விரும்புவோர் தனியே கூடுகின்றனர். அம்மொழியைக் கற்ற எவரும் அங்கே சென்று அமரலாம். சாதியைக் கற்றுக்கொண்டு உள்ளே செல்ல யாராலும் இயலாது. முன்னது அனைவருக்கும் திறந்த வாயில். பின்னது பிறந்த அன்றே அடைக்கப்பட்ட வாயில்.

ஆயினும் மொழி வாயிலும் உள்ளே சாதியை மறைத்து வைக்கும் திரையாகிவிடக் கூடாது. பெயரைக் கேட்டதும் ஊரையும், ஊரைக் கேட்டதும் குலத்தையும் விசாரிக்கும் பழக்கம் தமிழரிடம் கப்பலேறியும் வந்ததுண்டு. யாக்கோபின் நிருபம் கேட்பது மிக எளிய காரியம்: வந்தவர் எவராயினும் அவருக்கு நல்ல இடம் கொடுங்கள் என்பதே. வள்ளுவரும் எல்லா உயிர்க்கும் பிறப்பு ஒன்றே என்றவர். வகுப்பறையில் இவ்விரண்டையும் கற்பிக்கும் ஆசிரியர், வடக்கன்குளத்துச் சுவரின் வரலாற்றையும் சேர்த்துக் கற்பிப்பாராயின், போதனைக்கும் நடத்தைக்கும் உள்ள தூரத்தை மாணவர் அறிவர்.