டொலோரெஸும் வியாகுலமும்

ஸ்பெயின் தேசத்திலே பெண்மகவொன்றுக்கு டொலோரெஸ் என்று பெயரிடுவோர், அதனைத் ‘துன்பங்கள்’ என்றே அழைக்கின்றனர். ஒரு துன்பமன்று, பன்மை. மங்கலச் சொல் தேடிப் பெயர் சூட்டும் நமக்கு இது விந்தையாய்த் தோன்றலாம். ஆயின் குருநகர், பாசையூர், இளவாலை முதலிய ஊர்களில் வாழும் கத்தோலிக்கருக்கு இதில் விந்தை யாதுமில்லை. வியாகுலம் என்பது அவர்களிடையே வழங்கிவரும் பெயரன்றோ!

டொலோரெஸ் என்பதன் முழுவடிவம் ‘மரியா தே லொஸ் டொலோரெஸ்’. துயரங்களின் மரியாள் என்பது பொருள். தேவதாயின் துயரங்களை ஏழென எண்ணி வணங்குவது மரபு. மகனுடன் எகிப்துக்கு ஓடியதும், சிலுவையடியில் நின்றதும் அவற்றுட் சில. மரியா என்ற பெயர் எங்கும் பரவியிருந்த நாட்டிலே, அடைமொழியே ஒருத்தியை மற்றொருத்தியினின்றும் பிரித்துக் காட்டிற்று. நாளடைவில் தலைப்பெயர் உதிர, அடைமொழி பெயராய் நின்றது. மெர்செடெஸ், பிலார் என்பனவும் இவ்வாறு பிறந்தவையே.

1619இல் பிலிப் தே ஒலிவேரா யாழ்ப்பாண அரசை வீழ்த்தியபோது, போர்த்துக்கல்லின் முடியும் ஸ்பெயின் மன்னன் மூன்றாம் பிலிப்பின் தலையிலேயே இருந்தது. ஆயினும் டொலோரெஸ் என்னும் ஓசை நம் மண்ணில் ஊன்றவில்லை. சந்தியாகோ சந்தியாப்பிள்ளையாக உருமாறி நிலைத்தார். துயரத்தின் பெயரோ மொழிபெயர்ந்தே நிலைத்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தனர். கோவையிலிருந்து, அதாவது மேற்குக் கரையிலுள்ள கோவாவிலிருந்து, 1687இல் யோசேப் வாஸ் அடிகளார் மறைவாக வந்து சேர்ந்தார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் ‘வியாகுல பிரசங்கம்’ என்னும் நூலைத் தமிழில் இயற்றினார். தபசு காலத்திலே அதனை இரங்கல் இசையோடு வாசிப்பார்கள். அச்சொல்லை மக்கள் நெஞ்சிற் பதித்ததில் அந்நூலுக்குப் பெரும்பங்குண்டு என்பது என் எண்ணம்.

இலத்தீன் மூலமாகிய ‘டோலோர்’ உடல் நோவையும் குறிக்கும். வடமொழிவழி வந்த வியாகுலமோ மனக்கலக்கத்தையே சுட்டும். ஒரு தாய்க்கு நம் சொல்லே மிகப் பொருந்துகின்றது. டொலோரெஸ் ஸ்பானிய இலக்கணப்படி ஆண்பாற் சொல்; ஆயினும் பெண்ணுக்கே உரியதாயிற்று. நம் வியாகுலமோ ஆடவருக்கும் பெயராகும்.

பிள்ளைகளைப் பறிகொடுத்தோர், அடுத்துப் பிறந்ததற்குக் குப்பை என்றும் பிச்சை என்றும் பெயரிடும் வழக்கம் தமிழரிடையே பழையது. அது கூற்றுவனை ஏய்க்கும் உபாயம். வியாகுலம் என்னும் பெயரோ எவரையும் ஏய்க்க எழுந்ததன்று. துயரறிந்த ஒரு தாயிடம் பிள்ளையை ஒப்படைப்பது. ஸ்பெயினிலும் அதுவே கருத்து. ஆயினும் அங்கே வீட்டிலுள்ளோர் டொலோரெஸை லோலா என்றே கொஞ்சி அழைப்பர்.