ஓர் இராத்தல் அப்பம்

வீடு தீப்பற்றினால் நாம் எதை எடுத்துக்கொண்டு ஓடுவோம்? நகையா, நிலப்பத்திரமா, பிள்ளைகளின் சான்றிதழா?

உரோமைக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையே மோந்தே கசினோ என்றொரு மலை இருக்கிறது. ஏறக்குறைய 529இல் புனித ஆசீர்வாதப்பர் அங்கே தம் துறவு மடத்தை நிறுவினார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் லொம்பார்தியர் ஓர் இரவு புகுந்து மடத்தைச் சூறையாடினார்கள். துறவிகள் உயிர்தப்பி உரோமைக்கு ஓடினார்கள். அப்போது அவர்கள் எடுத்துச் சென்றவற்றைப் பிற்காலத்தில் அதே மடத்தில் வாழ்ந்த திருத்தொண்டர் பவுல் எழுதிவைத்திருக்கிறார்: ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூல், அப்பம் நிறுக்கும் எடைக்கல், திராட்சை இரசம் அளக்கும் பாத்திரம்.

எடைக்கல்லை யாராவது தூக்கிக்கொண்டு ஓடுவார்களா? அந்த ஒழுங்குநூலைத் திறந்தால் காரணம் புரிகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் அப்பம். வேலை கடினமான நாளில் ஆதீனத் தலைவர் கூட்டிக் கொடுக்கலாம். திராட்சை இரசம் துறவிகளுக்கு ஆகாது என்றுதான் ஆசீர்வாதப்பருக்கும் எண்ணம். ஆனால், இந்தக் காலத்துத் துறவிகள் கேட்கமாட்டார்கள், அளவோடாவது குடிக்கட்டும் என்கிறார்! மனித பலவீனம் அறிந்த தகப்பன் அவர். ஒருவனுக்கு மிகுதி, ஒருவனுக்குப் பட்டினி என்று ஆகிவிடாதபடி காத்தது அந்த எடைக்கல்.

மலை 140 ஆண்டுகள் போல வெறுமையாய்க் கிடந்தது. 718 வாக்கில் பெத்ரோனாக்ஸ் மடத்தை மீண்டும் எழுப்பினார். 883இல் சாரசேனியர் எரித்தார்கள்; ஆதீனத் தலைவர் பெர்த்தாரியுஸ் கொல்லப்பட்டார். தப்பியவர்கள் தேயானோ நகருக்கு எடுத்துச் சென்ற ஒழுங்குநூலும் அங்கே ஒரு தீயில் போயிற்று. நல்லவேளை, பேரரசர் சார்லமேனுக்காக முன்பே அதைப் படியெடுத்து அனுப்பியிருந்தார்கள். 1349இல் நிலநடுக்கம்.

1944 பிப்ரவரி 15 அன்று நடந்ததைச் சொல்ல நமக்குக் கூச்சம்தான். அன்று மடத்தைத் தரைமட்டமாக்கியவை நேச நாட்டு விமானங்கள். குண்டு வீசும்படி கேட்டவர்களுள் நான்காவது இந்தியப் படைப்பிரிவின் தளபதியும் ஒருவர். மதராஸ் சாப்பர்ஸ் வீரர்களும் அந்தப் பிரிவில் இருந்தார்கள். மடத்துக்குள் ஜெர்மானியப் படை இருந்ததாக நினைத்தார்கள், இருக்கவில்லை. அடைக்கலம் தேடி வந்திருந்த ஏழை எளியவர்கள் பலர் மாண்டார்கள். மடத்தின் பழஞ்சுவடிகளைச் சில மாதங்களுக்கு முன்பே லாரிகளில் ஏற்றி உரோமைக்கு அனுப்ப வழிசெய்தவர்களோ, எதிரிப்படை அதிகாரிகளான ஷ்லேகலும் பெக்கரும்!

இரண்டு நாள் கழித்து, எண்பதை நெருங்கிய ஆதீனத் தலைவர் தியாமாரே, எஞ்சியவர்களோடு செபமாலை சொல்லியபடி மலையை விட்டு இறங்கினார். இந்தமுறை எடைக்கல் இல்லை. அவர்களிடம் ஒரு பெரிய மரச்சிலுவை இருந்தது.

போர் முடிந்தபின், பழைய இடத்திலேயே, பழைய வடிவிலேயே மடத்தைக் கட்டினார்கள். 1964 அக்டோபர் 24 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் அதன் ஆலயத்தை அர்ச்சித்தார். மலையடிவாரத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் நம் இந்திய வீரர்களும் உறங்குகிறார்கள். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் மடம் தெரியும்.