மூடிய பானையும் திறந்த பானையும்

"உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது" என்பது நம்மவர் பழமொழி. ஊர் வாயைப் பற்றி எழுதியே என் பத்திரிகை வாழ்வு கழிந்துவிட்டது. இன்று உலை வாயைப் பற்றிச் சிறிது எழுதலாம் என்று தோன்றுகிறது.

பதுளை மாவட்டத்தில், பசறைக்கு மேலே, நமுனுகுல மலையைப் பார்த்தபடி இருக்கும் தோட்டமொன்றின் லயத்தில்தான் என் இளமைக் காலம் கழிந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. அதன் முன்புறத்து இஸ்தோப்பில் அடுப்பு. அம்மாயி உலை வைத்தவுடன் செய்யும் முதல் வேலை, மூடியை எடுத்துப் பானையின் மேல் வைப்பது. பசி பொறுக்காமல் நான் திறந்து பார்த்தால், "மூடியத் தெறந்து தெறந்து பாக்காதடா, வெறகு என்ன சும்மாவா வருது?" என்பார். விறகுக்கும் மூடிக்கும் என்ன உறவு என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

விறகு சும்மா வரவில்லைதான். பகல் முழுவதும் கொழுந்து பறித்த பெண்கள், மாலையில் கவ்வாத்து மலையில் கிடந்த மிலாறுகளைப் பொறுக்கிக் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். ஈர மிலாறு புகையைத்தான் கக்கும். அந்தப் புகை முழுவதும் காம்பராவுக்குள்ளேயே சுழலும். எனவே ஒரு சுள்ளி மிச்சமானால், அது நடையிலும் மிச்சம், நெஞ்சுச் சளியிலும் மிச்சம்.

அம்மாயியின் கணக்கைப் பிற்காலத்தில் நூல்களின் துணையோடு போட்டுப் பார்த்தேன். பசறைப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் உள்ளது. அங்கே தண்ணீர் 100 பாகையில் அன்று, சுமார் 97 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். 20 பாகையில் இருக்கும் நான்கு லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 308 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதே பானையைத் திறந்து வைத்து அரை லீற்றர் தண்ணீரை ஆவியாகப் போகவிட்டால், அந்த ஆவி மட்டும் சுமார் 270 கிலோகலோரியைக் கொண்டுபோய்விடும். அதாவது, வெறுமனே பறந்துபோன அரை லீற்றர் ஆவி, இன்னொரு பானை உலையைக் கொதிக்க வைத்திருக்கக்கூடிய விறகை ஏறக்குறைய விழுங்கிவிடுகிறது.

ஆவிக்குள் இவ்வளவு வெப்பம் மறைந்திருப்பதை 1760களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அளந்து காட்டியவர் ஜோசப் பிளாக். அதற்கு 'மறை வெப்பம்' என்று பெயர்.

மூடி போட்டால் உள்ளே சூடு கூடும் என்று பலர் நினைப்பதுண்டு. சாதாரண மூடி அப்படிச் செய்வதில்லை. அதன் எடை தரும் அழுத்தம் மிக அற்பம். சூட்டைக் கூட்டுவதற்கு, 1679இல் டெனி பாப்பன் செய்து காட்டியதுபோல இறுக அடைத்த பாத்திரம் வேண்டும். இன்றைய பிரஷர் குக்கருக்கு அதுவே மூதாதை. நம் பானை மூடி செய்வதெல்லாம் ஆவியைத் தடுத்து, குளிரவைத்து, மீண்டும் துளியாக உள்ளே விழச் செய்வதுதான். ஆனால் அடுப்பு முன்போலவே கொழுந்துவிட்டு எரிந்தால் ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். மிச்சம் ஏதும் இராது. "எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும்" என்பார்கள். மூடிய பானையில் எரிவதில் ஒரு பங்கைப் பிடுங்கினாலும் கொதிப்பு அடங்குவதில்லை. உலை கொதித்ததும் அம்மாயி மூடியைச் சற்றே ஒருக்களித்து வைத்து, ஒரு கொள்ளியை வெளியே இழுத்து அணைத்து நாளைக்கென்று சாத்தி வைப்பார். மிச்சம் அந்தக் கொள்ளியில்தான் இருந்தது.

லயத்துக்குக் கீழே இருந்த தொழிற்சாலையில் இதற்கு நேரெதிரான வேலை நடந்தது. 1869இல் தோன்றிய இலை நோய் காப்பியை அழித்த பின், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலை ஊவா மலைகளையும் மூடியது. நான்கரை கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கும். எஞ்சியது பெரும்பாலும் தண்ணீர். அதை ஆவியாக்கித் துரத்துவதற்கே வாட்டும் மாடியும் சூளையும். ஒரே மலையில், தொழிற்சாலை ஆவியை விரட்ட மரம் மரமாக எரித்தது. அந்தக் கொழுந்தைப் பறித்தவள் ஆவியைப் பிடித்து வைத்துச் சுள்ளியை மிச்சம் பிடித்தாள்.

அம்மாயி மூடியைக் கையால் தொடாத காலமும் ஒன்று உண்டு. 1973, 74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டின்போது அரிசியும் மாவும் அருகி, மலையகத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மாண்டார்கள். எங்கள் அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்தது. அதை அவர் ஒருபோதும் மூடி அவித்ததில்லை. வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, திறந்த பானையில் அவித்து, அவித்த நீரையும் கொட்டிவிடுவார். "இதுக்கு மூடி போட்டா வெசம் உள்ளயே நிக்கும்" என்பது அவர் வாக்கு. மரவள்ளியை வெட்டும்போதும் ஊறவைக்கும்போதும் அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைட் என்னும் நஞ்சு பிரிகிறது. அது சுமார் 26 பாகையிலேயே ஆவியாகிவிடும்; வெளியேற வழி இருந்தால் போய்விடும். பிரியாமல் நிற்பதில் ஒரு பகுதி நீரில் கரைகிறது. ஆகவே அந்த நீரும் வேண்டாம். பசி மிகுந்த அந்த நாளில், விறகு அரிதாயிருந்தும், அவர் விறகைப் பார்க்கவில்லை. எங்கள் உயிரைப் பார்த்தார்.

2022இல் நாட்டின் பொருளாதாரம் சரிந்து, எரிவாயுவுக்காக மக்கள் வரிசையில் காத்துக்கிடந்தபோது, கொழும்பில் நான் குடியிருந்த பகுதியிலும் முற்றங்களில் விறகடுப்புகள் எரிந்தன. அயல் வீட்டு இளைஞர் ஒருவர், மூடாத பெரிய பாத்திரத்தைக் கொளுந்துவிட்டு எரியும் அடுப்பில் ஏற்றிவிட்டு, விறகு போதவில்லை என்று நொந்துகொண்டிருந்தார். ஒரு தட்டை எடுத்து அதன்மேல் கவிழ்த்து, கொதி வந்ததும் இரண்டு கொள்ளியை இழுத்துவிடச் சொன்னேன். மறுநாள் வந்து, "ஐயா, இது எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார்.

பசறையில் என்றேன். எந்தப் பள்ளிக்கூடம் என்று அவர் கேட்கவில்லை.