உதயகிரியில் வார்த்த பீரங்கிகள்

1741 ஆகஸ்ட் மாதம். குளச்சல் கரையில் அரண் கட்டி உட்கார்ந்திருந்த டச்சுக் கம்பெனிப் படையைத் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் வீரர்கள் வளைத்துக்கொண்டார்கள். அவர்கள் சுட்ட பீரங்கிக் குண்டு ஒன்று முகாமுக்குள் இருந்த வெடிமருந்துப் பீப்பாயில் விழுந்தது. மூண்ட தீயில் அரிசி இருப்பெல்லாம் சாம்பலாக, டச்சுக்காரர்கள் சரணடைந்தார்கள்.

குளச்சல் போரைச் சொல்பவர்கள் பலரும் இந்த வெற்றியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதன் பிறகு நடந்ததுதான் நாஞ்சில் நாட்டுக்கு இன்னும் பெரிய செய்தி.

பிடிபட்டவர்களில் யூஸ்டாஷியஸ் டி லனாயும் ஒருவர். அரசர் அவரைக் கொண்டே தம் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி கொடுத்தார். தலைநகரான பத்மநாபபுரத்துக்கு அருகே, புலியூர்க்குறிச்சியில் இருந்த பழைய உதயகிரிக் கோட்டையைக் கருங்கல்லால் எடுத்துக் கட்டி, உள்ளேயே பீரங்கி வார்க்கும் பட்டறையையும் அமைத்தார்கள். நேற்றைய கைதி 'வலிய கப்பித்தான்' ஆனார். கோட்டைக்கும் 'தில்லானைக் கோட்டை' என்று அவர் பெயரே வழங்கியது.

பீரங்கி வார்ப்பது லேசான வேலை அல்ல. அந்தக் கால முறைப்படி, களிமண் அச்சை நன்றாகக் காயவைத்துக் குழியில் நிறுத்தி, உருக்கிய உலோகத்தை இடைவிடாமல் ஊற்ற வேண்டும். அச்சில் ஈரம் தங்கினால் உலோகத்துக்குள் குமிழி விழும். அப்படிப்பட்ட பீரங்கி சுடும்போது வெடித்து, பக்கத்தில் நிற்பவனையே கொன்றுவிடும். இரண்டு பருவமழையும் பெய்கிற இந்த மண்ணில் ஈரத்தோடு மல்லுக்கட்டியே வார்த்திருக்க வேண்டும். இங்கே பீரங்கிகளோடு குண்டுகளும் வார்க்கப்பட்டன. சுமார் 16 அடி நீளமுள்ள பீரங்கி ஒன்றை யானைகளை வைத்து இழுத்தும் சில கெஜம்கூட நகர்த்த முடியவில்லை என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன.

வார்த்தால் மட்டும் போதாது, மருந்து வேண்டும். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் அளவாகச் சேர்த்தால்தான் வெடிமருந்து. நமுத்துப்போனால் அதற்கு மதிப்பில்லை. துப்பாக்கிக்காரன் அளந்த மருந்தையும் ஈயக் குண்டையும் காகிதத்தில் சுருட்டித் தோட்டாவாக வைத்திருப்பான். பல்லால் கிழித்துக் குழலில் கொட்டி, கம்பியால் இடிப்பான்.

சொந்தப் பட்டறை வந்த பிறகும் வெளிக்கொள்முதல் நிற்கவில்லை. 1753 மாவேலிக்கரை உடன்படிக்கையில், ஆண்டுக்கு 12,000 ரூபாய்க்கு ஆயுதம் தர டச்சுக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு வேண்டியது மிளகு. குளச்சலில் தோற்றவர்களிடமே ஆயுதம் வாங்கும் நிலைக்குத் திருவிதாங்கூர் உயர்ந்திருந்தது.

உதயகிரிக் கோட்டை வேலையைக் கவனித்த அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை, டி லனாயின் நட்பால் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

டி லனாய் 1777-இல் இறந்து, கோட்டைக்குள்ளேயே அடக்கமானார். அவர் கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. திருவிதாங்கூர் தளவாய் வேலுத்தம்பியின் கிளர்ச்சியின்போது, 1809-இல், கோட்டை ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போனது. இப்போது அங்கே வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை பார்க்க வருகிறவர்கள் உதயகிரிக்கும் ஒரு நடை போக வேண்டும். கல்லறையைக் காட்டும்போதே, இங்கே உலை எரிந்தது, பீரங்கி பிறந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.