கைப்பிடி அரிசியும் ஆஸ்பத்திரிக் கட்டிலும்

தாமிரபரணிக் கரையில் ஊரார் கூடி மருத்துவமனைகளுக்குத் தோள் கொடுத்த வழக்கம் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுப் பழமை உடையது. அதற்கு முன்பும் இந்தப் பக்கத்தில் தர்மத்துக்குக் குறைவில்லை. சத்திரம், தண்ணீர்ப் பந்தல், குளம், மண்டபம், கோயில் அன்னதானம் என்று நிலமும் நெல்லும் தாராளமாகவே எழுதி வைக்கப்பட்டன. நோய்க்கு மட்டும் பொது இடம் என்று ஒன்று இல்லை. வைத்தியர் வீடு தேடி வருவார். இல்லையென்றால் நோயாளி அவர் வீட்டுத் திண்ணைக்குப் போவார். பொதிகையையும் அகத்தியரையும் மூலமாகச் சொல்லிக்கொண்ட சித்த மருத்துவம் இங்கே பெரும்பாலும் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த தொழில்.

நோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு 15 கட்டில்கள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. அங்கே மருத்துவருக்கும், அறுவை செய்பவருக்கும், மருந்து கொண்டுவருபவருக்கும், பணிப்பெண்களுக்கும் கோயில் வருவாயிலிருந்து படி அளக்கப்பட்டது. ஆனால் அது அரசன் ஏற்படுத்தி, கோயில் நிலத்தால் நடந்த அமைப்பு. நூறு வீட்டுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்த்ததல்ல. அந்த இரண்டாம் வகைக் கொடை நெல்லைச் சீமையில் எப்படி உருவாயிற்று என்று தெரிய 19ஆம் நூற்றாண்டுக்கு வரவேண்டும்.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் 1830இல் தர்ம சங்கம் ஒன்றை அமைத்தார். மதம் மாறியதால் ஊரைவிட்டு விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்துவது அதன் வேலை. சபை மக்களே அதற்குப் பணம் போட்டார்கள். பெரிய தொகை ஒரே கையிலிருந்து வந்தபோது ஊரின் பெயரே அந்தக் கொடையாளியின் பெயராகிவிட்டது. சாயர் என்ற வணிகர் வாங்கிக் கொடுத்த நிலத்தில் எழுந்தது சாயர்புரம். பிரஷ்ய நாட்டு டோனா பிரபுவின் நன்கொடையை நினைவூட்டுவது டோனாவூர். சிறு கைகளின் கொடைக்கு அப்படிப் பெயர்ப்பலகை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பழக்கமாக வேரூன்றியது அதுதான்.

உலை வைக்கும்போது வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பாள். வாரம் ஒருமுறை அது சபைக்குப் போகும். ஆற்றுப் பாசன ஊர்களில் கார், பிசானம் என இரண்டு அறுப்புக்கும் முதல் நெல் வந்தது. செம்மண் தேரிக்காட்டில் நெல் ஏது? அங்கே பதநீர் இறங்கும் கோடை மாதங்களில் கருப்பட்டி வந்தது. ஒரு பனையின் வரும்படியையோ ஒரு கோழியின் முட்டைகளையோ நேர்ந்துகொண்டவர்களும் உண்டு. அறுப்பின் பண்டிகையில் இவை ஏலத்துக்கு வரும். ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். அதை எடுத்தவரே மறுபடியும் கொடுத்து இரண்டாம் முறை ஏலம் விடச் செய்வதும் நடக்கும். போட்டியும் பெருமிதமும் கலந்த இந்த ஏலத்தை வெறும் பக்தி என்று சொல்லிவிட முடியாது. இன்றும் தென்மாவட்டச் சபைகளில் இதைக் காணலாம்.

கைப்பிடி அரிசி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலை பிடி அரிசியாலும், வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட மகமையாலும் நடந்த பள்ளி. வணிகர் மகமை கிணறு வெட்டியது, பேட்டை கட்டியது, பள்ளி நடத்தியது. அந்த வரிசையில் மருத்துவமனை மெல்லத்தான் வந்து சேர்ந்தது. காரணம் எளிது. பள்ளி கட்டினால் தம் பிள்ளைகள் படிப்பார்கள் என்று கண்முன்னே தெரியும். மருத்துவமனையை அன்று பலர் சாகப் போகிற இடமாகவே பார்த்தார்கள்.

அந்த அச்சத்தை உடைத்த இடங்களில் ஒன்று நாசரேத். 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இப்போது தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. எஸ்.பி.ஜி. என்ற ஆங்கில மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த மருத்துவ மிஷனரி ஸ்ட்ராச்சன் 1870இல் இங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். பிற்காலத்தில் ரங்கூன் பேராயரானவர் அவர். தூய லூக்கா மருத்துவமனையின் வேர் அங்கே இருக்கிறது. 1876இல் பொறுப்பேற்ற ஆர்தர் மர்காஷிஸ் மருத்துவப் பயிற்சியும் பெற்றிருந்தவர். 1908இல் இறக்கும்வரை அங்கேயே பணிபுரிந்தார். அவர் வந்த கையோடு தாது வருஷப் பஞ்சம் வந்தது. பின்னாலேயே வாந்திபேதியும். பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளுக்கு விடுதி, அவர்கள் பிழைக்க 1878இல் தொழிற்பள்ளி, நோயாளிகளுக்கு மருத்துவமனை என்று ஒன்றை ஒட்டி ஒன்று வளர்ந்தன. சுற்றிலும் பனங்காடு. பனையிலிருந்து விழுந்து இடுப்பும் காலும் முறிந்தவர்களுக்கு நாட்டு வைத்தியத்தைத் தாண்டிய சிகிச்சை தேவைப்பட்டது. பனையேறிக் குடும்பத்துக்கு மருத்துவமனை தன்னுடையது என்று தோன்ற அதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

ஆனாலும் கணக்கை நேராகப் பார்க்கவேண்டும். மிஷன் மருத்துவமனைகளின் மருந்துக்கும் கருவிக்கும் மருத்துவர் சம்பளத்துக்கும் பெரும்பகுதி கடல் கடந்துதான் வந்தது. கைப்பிடி அரிசிதான் அவற்றைத் தாங்கியது என்று சொன்னால் மிகை. உள்ளூர்க் காணிக்கை உபதேசியார் சம்பளத்தையும் ஆலயச் செலவையும் ஏற்றுக்கொண்டது. மிஷன் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஒதுங்கியது. 1903இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியபோது, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கலுக்கு ஆட்களை அனுப்பிச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு அந்தச் சிறுசேர்ப்பு வளர்ந்திருந்தது.

உள்ளூர்க்காரர்கள் மருத்துவமனைக்கு நேரடியாகக் கொடுத்தது வேறு. அது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. நோயாளி தனியாக வருவதில்லை. கூடவே தாயோ மனைவியோ, சில சமயம் குடும்பமே, பானையும் விறகுமாக வந்து இறங்கும். மருத்துவமனை வளாகத்திலேயே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஒரு சாதிக்காரர் சமைத்ததை இன்னொரு சாதிக்காரர் தொடாத காலத்தில் பொதுச் சமையல் நடக்காது. குடும்பத்தைத் தங்கவிடாமல் நோயாளியைத் தங்கவைக்க முடியாது என்பதை மிஷன் மருத்துவர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். துடைப்பது, புரட்டிப் போடுவது, இரவு விழித்திருப்பது எல்லாம் துணைக்கு வந்தவர்களின் வேலை. பக்கத்துக் கட்டிலுக்குத் துணை இல்லையென்றால் அந்தக் கட்டிலையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். சம்பளச் செவிலியர் சிலரே இருந்த நாளில் இந்த உழைப்பு இல்லாமல் எந்த மருத்துவமனையும் ஓடியிருக்காது. அதை நன்கொடை என்று யாரும் எழுதிவைக்கவில்லை என்பதால் வரலாற்றிலிருந்து விடுபட்டுப் போயிற்று.

டோனாவூரில் நடந்தது வசூல் முறைக்கே நேர்மாறான சோதனை. 1901இல் அங்கே வந்து தங்கிய ஏமி கார்மைக்கேல், குழந்தைகள் இல்லத்துக்காக யாரிடமும் பணம் கேட்பதில்லை என்று விதி வைத்துக்கொண்டவர். 1920களின் இறுதியில் உருவான ‘பரம சுக சாலை’ மருத்துவமனையும் அதே விதிப்படி, வேண்டுகோளோ வசூலோ இல்லாமல், தானாக வந்த நன்கொடைகளில் எழுந்தது. அந்த நன்கொடைகளில் பெரும்பகுதி வெளிநாட்டு நண்பர்களுடையது. கேட்காமல் வாங்குவது என்ற கொள்கைக்கு ஓர் அழகு உண்டு. ஏலம் போட்டு, பெயர் சொல்லி, மைக்கில் தொகை அறிவித்து வாங்கும் சபைகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இன்னும் பளிச்சென்று தெரியும். ஆனால் தூரத்து நண்பர்களைப் பெறாத சாதாரண ஊர் மருத்துவமனை அந்த வழியில் போயிருக்க முடியாது.

அரசு மருத்துவமனைகளின் கதை வரியில் தொடங்குகிறது. திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் 1866இல் நகராட்சிகளாயின. 1871ஆம் ஆண்டின் சென்னை உள்ளூர் நிதிச் சட்டம் நிலவரியோடு சேர்த்து ஒரு மேல்வரி விதித்துச் சாலை, பள்ளி, மருந்தகம் ஆகியவற்றுக்குச் செலவிட வழிசெய்தது. வரி கட்டியவர் தன்னைக் கொடையாளியாக நினைப்பதில்லை. ‘சர்க்கார் ஆஸ்பத்திரி’ என்ற சொல்லில் இருந்த தூரம் அங்கிருந்து வந்தது. அந்தத் தூரத்தைக் குறைத்தவர்களில் கௌரவ மருத்துவர்களைச் சொல்லவேண்டும். தனியாகத் தொழில் நடத்திய மருத்துவர்கள் நாளில் சில மணி நேரம் அரசு மருத்துவமனையில் பணிபுரியும் முறை சென்னை மாகாணத்தில் இரு உலகப் போர்களுக்கு இடையில் பரவியது.

விடுதலைக்குப் பின் பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் தொடங்கின. கல்லூரி மருத்துவமனை அமைந்த ஐகிரவுண்ட் மேடு மக்கள் வாயில் மருத்துவமனையின் பெயராகவே ஆகிவிட்டது. அம்பாசமுத்திரத்து ஆளும் சங்கரன்கோவில் ஆளும் “ஐகிரவுண்டுக்குக் கொண்டு போங்க” என்றால் போதும். சிகிச்சை இலவசம். நோயாளிக்குச் சாப்பாடும் உண்டு. துணைக்கு வந்தவர் பாடு அவர் பாடு. அந்த இடைவெளியில்தான் பல ஊர் அரசு மருத்துவமனை வாசல்களிலும் சன்மார்க்க சங்கத்தார், கோயில் குழுவினர், தேவாலய இளைஞர்கள், ஜமாத்தார் காலைக் கஞ்சியோடும் மதியப் பொட்டலத்தோடும் நுழைந்தார்கள். சக்கர நாற்காலி, குடிநீர்த் தொட்டி, மின்விசிறி என்று பொருளாகக் கொடுத்தவர்களும் உண்டு. டியூப் லைட்டைக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் வராத அளவுக்கு அதன்மேல் ‘உபயம்’ எழுதிவைக்கும் நம்மூர்ப் பழக்கம் கோயிலிலிருந்து மருத்துவமனை வராந்தாவுக்கும் வந்து சேர்ந்தது. கட்டிலைக் கொடுக்க ஆள் கிடைக்கும். கிழிந்த மெத்தையைத் தைக்க ஆள் கிடைக்காது.

ரத்தம் வேறு வகைக் கொடை. நெடுங்காலம் அதை விற்பவர்கள் இருந்தார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் காசுக்கு ரத்தம் கொடுப்பது தடைபட்டது. அதன்பின் ரத்த வங்கிகள் முழுக்கத் தன்னார்வலர்களையும் உறவினர்களையும் நம்பவேண்டியதாயிற்று. கல்லூரிகள் நெருங்கிய பாளையங்கோட்டைக்கு இது பெரிய சிரமமாக இருக்கவில்லை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், நடிகர்களின் ரசிகர் மன்றத்தினர், கட்சி இளைஞர் அணிகள், இஸ்லாமிய அமைப்புகளின் ஆம்புலன்ஸ் தொண்டர்கள் என்று பலரும் முன்வந்தார்கள். தலைவர் பிறந்தநாளன்று கொடையாளிகள் குவிவதும், தேர்வுக் காலத்திலும் விடுமுறையிலும் வறண்டுபோவதும் இதன் இயல்பு. ரத்தச் சிவப்பணுக்கள் ஆறு வாரம்வரைதான் தாங்கும் என்பதால் ஒரே நாளில் வரும் கூட்டத்தைவிட மாதந்தோறும் மாறி மாறி வரும் சிலரால்தான் மருத்துவமனைக்கு அதிகப் பயன்.

ஊராரின் உதவி எந்த இடத்தில் பயன்படுகிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டியவை கண் சிகிச்சை முகாம்கள். எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் இருந்தபோதே முகாம்கள் நடத்திப் பழகியவர். ஓய்வு பெற்ற 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். திருநெல்வேலிக் கிளை 1988இல் வந்தது. தொடக்க கால முகாம்களில் பள்ளிக்கூடத்திலேயே அறுவை நடந்தது. பின்னர் பரிசோதனை மட்டும் ஊரில், அறுவை மருத்துவமனையில் என்று மாறியது.

அறுவைக்குக் காசு வாங்காவிட்டாலும் தேவைப்பட்டவர்களில் பலர் வரவில்லை. ஏன் என்று 1980களில் அரவிந்த் ஆய்வாளர்கள் கிராமம் கிராமமாகக் கேட்டபோது பயத்தோடு பஸ் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, கூட வருபவரின் கூலி இழப்பு ஆகியவையும் காரணங்களாக வந்தன. போக்குவரத்தும் உணவும் சேர்த்து இலவசமாக்கியபோது வருகிறவர்கள் கூடினார்கள். மிஷன் மருத்துவமனை வளாகத்து அடுப்புகள் சொன்னதையே இந்த ஆய்வும் சொன்னது: மருத்துவம் இலவசமானாலும் அதைச் சுற்றியுள்ள வாழ்க்கை இலவசமாவதில்லை.

முகாமின் வேலைப் பிரிவினை இந்த அறிவின்மேல் கட்டப்பட்டது. ஊர்ப் பொறுப்பாளர் அரிமா சங்கமாக இருக்கலாம், சுழற்சங்கமாக, கோயில் கமிட்டியாக, பள்ளிவாசல் ஜமாத்தாக, ஆலையாகவும் இருக்கலாம். நோட்டீஸ் அடிப்பது, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பது, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்தைத் திறந்து பெஞ்சுகளை நகர்த்துவது, முதியவர்களைக் கைப்பிடித்து வரிசையில் உட்காரவைப்பது அவர்கள் வேலை. பரிசோதனையும் அறுவையும் மருத்துவமனையின் வேலை. தேர்வானவர்கள் அன்றே பேருந்தில் ஏற்றப்படுவார்கள். “நாளைக்கு வாங்க” என்று அனுப்பினால் பாதிப்பேர் திரும்ப மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். 1990களில் மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கங்கள் ஆட்சியர் தலைமையில் அமைந்தபின் இந்த முறை அரசின் திட்டத்துக்குள்ளும் வந்தது.

தாமிரபரணி கடலைச் சேரும் பகுதியில் உள்ள காயல்பட்டினத்தின் முறை தனியானது. வணிகத்துக்கும் வேலைக்கும் வெளிநாடு போனவர்கள் ஆங்காங்கே நல மன்றங்கள் அமைத்து, ஊரில் உள்ள ஏழை நோயாளிகளின் சிகிச்சைச் செலவுக்கு உதவுகிறார்கள். முகாமில் ஊரார் உழைப்பைக் கொடுக்கிறார்கள். இங்கே ஊரில் இல்லாதவர்கள் பணத்தைக் கொடுக்கிறார்கள்.

2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கங்கள் ஏற்பட்டன. அதிகாரிகளும் உள்ளூர்ப் பிரமுகர்களும் சேர்ந்த இந்தச் சங்கங்கள் நன்கொடை வாங்கலாம், சிறு பழுதுகளைத் தாங்களே பார்க்கலாம். மெத்தை தைக்கவும் குழாய் மாற்றவும் முதல்முறையாக ஒரு சட்டப்பூர்வமான பை கிடைத்தது.

2021இன் கொரோனா இரண்டாம் அலையில் இந்தப் பழைய ஏற்பாடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் சோதனைக்கு வந்தன. மகேந்திரகிரியின் இஸ்ரோ வளாகம், ராக்கெட் எஞ்சின் சோதனைக்கு வைத்திருந்த திரவ ஆக்சிஜனை மருத்துவமனைகளுக்கு அனுப்பியது. உறவினர் நெருங்கத் தயங்கிய உடல்களைத் தன்னார்வக் குழுக்கள் அடக்கம் செய்தன. தொற்று வார்டுக்குள் துணையாளை விடமுடியாததால், தலைமுறைகளாகக் குடும்பம் செய்துவந்த துடைத்தல், ஊட்டுதல், உட்காரவைத்தல் அனைத்தும் செவிலியர்மேலும் பணியாளர்மேலும் விழுந்தன. தொண்டர்களின் சாப்பாட்டுப் பொட்டலங்கள் வாசலோடு நின்றன. தொற்றுக் காலக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் துணையாட்கள் வார்டுக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கான உணவு இப்போதும் மருத்துவமனைக் கணக்கில் இல்லை. வீட்டுத் தூக்குவாளியும் வாசலில் கஞ்சி ஊற்றுபவர்களும்தான் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள்.