கருமணலும் நம் வீட்டுக் காற்றும்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அங்கே வீடு வாங்கும்போது, பத்திரம் முடிக்கும் முன் ‘ரேடான்’ சோதனை எடுக்கிறார்கள். மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியம் சிதையும்போது உண்டாகிற கதிரியக்க வாயு அது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. தரையின் கீறல் வழியாக ஏறி, மூடிய அறையில் தேங்கும். பல வருடம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். “மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், நம் வீட்டில் சோதித்தீர்களா?” என்று பிள்ளைகள் போனில் கேட்பதாக நம் சங்க உறுப்பினர்கள் சிலர் சொன்னார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் கடற்கரையின் கதை பெரும்பாலும் தோரியத்தின் கதை. அதைத் தெரிந்துகொள்ளாமல் கருவி வாங்கினால் காசு வீண்.

கதை ஒரு விளக்கில் தொடங்குகிறது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885இல் கேஸ் விளக்குக்கான மேன்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு அதை மேம்படுத்தி, 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் சேர்த்தபோது வெள்ளை வெளிச்சம் கிடைத்தது. ஐரோப்பியத் தெருக்களெல்லாம் அதில் எரிந்தன. தோரியம் பிரேசில் நாட்டுக் கடற்கரை மணலிலிருந்து வந்தது. வியாபாரம் ஜெர்மானியக் கம்பெனிகளின் கையில் இருந்தது.

1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். கயிறு வாங்குகிறவன் மணலை உதறிவிட்டு எடை போடச் சொல்வான். இவர் மணலை எடுத்து வைத்துக்கொண்டார். அந்தக் கயிற்றின் ஊரைத் தேடி வந்து, மணவாளக்குறிச்சியில் ஆலையும் போட்டார். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன்காரர் என்ற சந்தேகத்தில் கைதானார். தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

நம் ஊர்க் கொடைகளில் பெட்ரோமாக்ஸைத் தலையில் சுமந்து நடந்தவர்களை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மேன்டிலில் ஒளிர்ந்ததும் தோரியம்தான்.

மின்சார விளக்கு பரவியதும் மோனசைட்டுக்கு மவுசு குறைந்தது. அதே கருமணலில் இருக்கும் இல்மனைட், வெள்ளை பெயிண்டுக்காகக் கப்பலேறியது. அணுகுண்டுக்குப் பிறகு மறுபடி மோனசைட்டின் காலம். 1946, 47இல் திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் தனித் திருவிதாங்கூர் பேசியபோது அவர் கையிலிருந்த துருப்புச் சீட்டுகளில் ஒன்று இந்த மணல். சுதந்திரத்துக்குப் பின் 1948இல் அணுசக்திச் சட்டம் வந்தது. 1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம், 1952இல் ஆலுவாயில் அதன் ஆலை. 1956 நவம்பர் 1இல் நாம் தமிழகத்தோடு சேர்ந்தோம். 1965இல் மணவாளக்குறிச்சி ஆலையும் அந்த நிறுவனத்தின் கீழ் போனது.

இத்தனை வருடமும் மணலை டன் கணக்கில் எடை போட்டார்கள். அதன் மேல் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி பின்னால்தான் வந்தது. 1950களின் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் கேரள, தமிழகக் கடற்கரையை ஆய்வுக்குரிய இடமாகக் குறிப்பிட்டது. லண்டன் விஞ்ஞானி ஹான்ஸ் குரூனெபெர்க் கேரளக் கருமணல் பகுதியின் எலிகளைப் பிடித்து, வேறு பகுதி எலிகளோடு ஒப்பிட்டார். மனிதர்களுக்கு முன்னால் எலிகளுக்கு மரியாதை! 1966இல் வெளியான அந்த ஆய்வு குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் காணவில்லை. இதே மணல் கிடக்கும் கொல்லம் மாவட்டக் கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாக 10 வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்தது. கதிர்வீச்சு கூடிய இடங்களில் புற்றுநோய் கூடுதலாக இல்லை என்று 2009இல் எழுதியது.

இதை வைத்து நாம் நிம்மதியாகப் படுத்துவிட முடியுமா? எனக்குத் தோன்றுவது, பாதி நிம்மதிதான். அந்த ஆய்வு முக்கியமாகக் கணக்கிட்டது மணலிலிருந்து நேராக வரும் காமா கதிரை. மூச்சில் போகும் வாயுவுக்கு அதை அப்படியே சான்றாக வைக்கக் கூடாது.

தோரியம் சிதையும்போது வரும் வாயு ரேடானின் தம்பி, ‘தோரான்’ என்பார்கள். 1899இல் கனடாவின் மாண்ட்ரியலில் ரூதர்ஃபோர்டும் ஓவென்ஸும் தோரியத்தை அளந்தபோது, அறைக் கதவைத் திறந்தாலே அளவு மாறியது. காற்றோடு போகக்கூடிய ஏதோ ஒன்று தோரியத்திலிருந்து வெளியேறுகிறது என்று அப்படித்தான் பிடிபட்டது.

வணிகவியல் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். குறையும் மதிப்பு முறையில் தேய்மானம் போடுவது போலத்தான். ரேடான் பாதியாகக் குறைய 3.8 நாள் ஆகும். தோரானுக்கு 56 விநாடி போதும். அதனால் தோரான் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் வெகுதூரம் போகாது. சுவரை ஒட்டி அதிகமாக இருக்கும், அறை நடுவில் குறைந்துவிடும். ஆனால் அது விட்டுப்போகும் வாரிசு ஒன்று, ஈயத்தின் ஒரு வகை, பாதியாகக் குறைய 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தூசியில் ஒட்டி அறை முழுக்கச் சுற்றும்.

இரண்டு வாயுவையும் பிரிக்காத கருவியைச் சுவரோரம் மாட்டினால், தோரானையும் ரேடான் கணக்கில் வரவு வைத்துவிடும். பாபா அணு ஆராய்ச்சி மையம் இதற்காகவே இரண்டு அறைகள் கொண்ட சிறு டப்பா ஒன்றை வடிவமைத்திருக்கிறது. ஓர் அறைக்குள் நுண்துளை வழியே தோரான் போய்ச் சேர்வதற்குள் சிதைந்துவிடும். உள்ளே இருக்கும் படச்சுருளில் ஆல்ஃபா துகள்கள் தடம் பதிக்கும். மூன்று மாதம் தொங்கவிட்டு, சோடியம் ஹைட்ராக்சைடில் போட்டுத் தடங்களை எண்ணுவார்கள். இரண்டு மூன்று நாள் சோதனையைவிட இது நம்பகமானது. ஏனென்றால் மழைக்காலக் கணக்கு வேறு, வெயில் காலக் கணக்கு வேறு. ரேடானுக்கு உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்ன அளவு கன மீட்டருக்கு 100 பெக்கரல். முடியாத இடத்தில் 300ஐத் தாண்டக் கூடாது.

நம் நகரில் யாரும் பயப்படத் தேவையில்லை. கருமணல் சின்னவிளை, பெரியவிளை, மணவாளக்குறிச்சி, மிடாலம் என்று கடலோரமாகக் கிடப்பது. ஆனால் கடற்கரை மணலால் தரை நிரப்பிய வீடு, ராத்திரி முழுக்க ஏசி போட்டு மூடிய படுக்கையறை, இவை இரண்டும் சேர்ந்தால் பார்த்துவிடுவது நல்லது. நம் பெற்றோரின் ஓட்டு வீட்டில் காற்று கேட்காமலே வந்து போனது. வீட்டில் புகைப்பவர் இருந்தால் இன்னும் அவசியம். ரேடானால் புகைப்பவருக்கு வரும் ஆபத்து பிறரைவிடச் சுமார் 25 மடங்கு.

ஐந்தாறு வீடுகளில் ஒரு வருடம் அளந்து பார்க்கலாம் என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறேன். கீழ்த்தளப் படுக்கையறை உள்ள வீடுகளுக்கு முன்னுரிமை. சம்மதம் உள்ளவர்கள் வீடு கட்டிய வருடத்தையும், தரை நிரப்பிய மணல் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதி செயலாளரிடம் கொடுங்கள்.